வருடக்கணக்கில் நின்றுவிட்ட 1969 செவ்ரோலெட் சி10: முதலில் எதைத் தொடுவது?

செவ்வண்டி69:
எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பாவின் 1969 செவ்ரோலெட் சி10 பிக்கப் என் கைக்கு வந்திருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமான பெயிண்ட், பின்னால் சரக்கு ஏற்றும் நீளமான பெட், மரத்தளம், 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், ஸ்டியரிங் கம்பத்திலேயே மூன்று கியர். இருபது வருடத்துக்கு மேல் ஷெட்டில் நின்றது. கூரை இருந்ததால் நேராக மழை படவில்லை, ஆனால் கீழே மண் தரை. நான்கு டயரும் ரிம்மோடு படுத்துவிட்டன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லை, வார்னிஷ் நெடிதான் வருகிறது.

என் யோசனை இது: புது பேட்டரி போட்டு ஒரு தடவை செல்ஃப் அடித்து, இன்ஜினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் கேபினைத் தூக்கி, சேஸ் வரை பிரித்து, பெயிண்ட், முன்னால் டிஸ்க் பிரேக், கொஞ்சம் உயரம் இறக்குவது, முடிந்தால் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் ஒன்று. இந்த வரிசை சரியா?

ஆறுசிலிண்டர்:
பேட்டரி வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள் தம்பி. நின்ற இன்ஜினில் முதல் வேலை செல்ஃப் அடிப்பது கிடையாது.

காரணம் சொல்கிறேன். 250 இன்ஜினில் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டைச் சுற்றுவது செயின் அல்ல, இரண்டு பல்சக்கரங்கள். கிராங்கில் இருப்பது இரும்பு, கேமில் இருப்பது ஃபைபர். ஏதாவது ஒரு வால்வு கைடுக்குள் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், செல்ஃப் மோட்டார் அதைத் தெரிந்துகொண்டு நிற்காது. வால்வைத் தள்ளுகிற புஷ்ராடு கம்பி வளையும். அதுவும் தாங்கிவிட்டால் ஃபைபர் பல் உதிரும். உதிர்ந்த தூள் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும். நன்றாக இருக்கிற இன்ஜினை நாமே கெடுத்த கதையாகிவிடும்.

ஏர் பில்டர் டப்பாவைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள், சைலன்சர் வாயையும் பாருங்கள். பிளக்குகளைச் சுற்றி இருக்கிற குப்பையை ஊதித் தள்ளிவிட்டு ஆறையும் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு சில நாள் ஊற விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விடுகிறவர்களும் உண்டு. கலவை தனித்தனியாகப் பிரியும், ஊற்றும் முன் குலுக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

பிறகு கையால் திருப்ப வேண்டும். பல 250களில் கிராங்க் புல்லியின் நடுவில் ஸ்பானர் போட போல்ட்டே இருக்காது, புல்லி அழுத்திப் பொருத்தியது. அதனால் இன்ஜினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் அடி மூடியைக் கழற்றி, ஃப்ளைவீல் பல்லில் ஒரு கம்பியைக் கொடுத்து மெல்ல நெம்ப வேண்டும். முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்டுங்கள். ஆடவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், எண்ணெயைக் கூட்டுங்கள்.

செவ்வண்டி69:
நன்றி அண்ணா. பிளக் எல்லாம் வந்துவிட்டது. ஐந்து கருப்பாக, உலர்ந்து இருக்கின்றன. 4-வது மட்டும் செம்பழுப்புத் துரு. எண்ணெய் விட்டிருக்கிறேன். அது ஊறுகிற நேரத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

துருவேட்டை:
வண்டிக்கு அடியில் படுங்கள். இன்ஜின் ஒரு கிரேனில் வந்து போகிற பொருள். கேபின் இத்துப்போயிருந்தால்தான் இந்த வண்டியின் தலையெழுத்து மாறும். 67 முதல் 72 வரை வந்த உடலமைப்பில் துரு எங்கே உட்காரும் என்பது ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான்.

கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற காற்றுத் திறப்பில் இலை, தூசி எல்லாம் விழுந்து, கதவுக்கு முன்னால் காலடிப் பக்கவாட்டுப் பலகைக்குள் போய்ச் சேரும். ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்தே தின்னும். வெளியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், திருப்புளியால் குத்தினால் உள்ளே போகும். அடுத்தது கதவுக்குக் கீழே ஓடுகிற ராக்கர் தகடு, கேபினின் பின் மூலை இரண்டும், முன் மட்கார்டின் அடிநுனி, கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்ப் பள்ளம், கேபின் சேஸில் உட்கார்கிற இடங்கள். கடைசியாகச் சொன்னதைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும், இத்துப்போனது மொத்தென்று கேட்கும். காந்தமும் எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் யாரோ முன்பே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மண் தரையில் நின்ற வண்டி என்பதால் சேஸின் மேல்பக்கத்தை மறக்க வேண்டாம். கழுவுகிறவர்கள் கீழே இருந்து கழுவுவார்கள், மேல்பக்கம் அழுக்கு படிந்தபடியே கிடக்கும். ஸ்டியரிங் பெட்டி பிடித்திருக்கும் இடம், பின் ஆக்ஸிலின் நீள ஆர்ம்கள் வந்து சேரும் குறுக்குச் சட்டம், இந்த இரண்டிலும் விரிசல் தேடுங்கள்.

சேஸ்வரை:
துருவேட்டை அக்கா சொன்ன பட்டியலைப் பார்த்தாலே தெரியும், கேபினைக் கழற்றாமல் இதில் பாதியைச் சரிசெய்ய முடியாது. நான் முழுப் பிரிப்பின் பக்கம். கேபின் மவுண்டின் மேல்பக்கம், சேஸின் உட்புறம், பிரேக் பைப் போகிற பாதை எல்லாம் கேபின் மேலே இருக்கும்வரை கைக்கு எட்டாது. பாதி வேலை செய்து பெயிண்ட் அடித்துவிட்டு, சில வருடத்தில் அதே இடம் கொப்புளம் விட்டால் இரண்டாவது முறை பிரிக்க மனசு வராது. பிரிப்பது ஒரே தடவை, அதை முழுசாகப் பிரித்துவிடலாம்.

ஆறுசிலிண்டர்:
இந்த இடத்தில் நான் கடுமையாகவே மாறுபடுகிறேன். சேஸ்வரை சொல்கிற தரத்தைக் குறை சொல்லவில்லை. வரிசைதான் தவறு.

ஓடாத வண்டியைப் பிரித்தால், கியர் பாக்ஸ் சத்தம் போடுமா, பின் ஆக்ஸில் முனகுமா, ரேடியேட்டர் தாங்குமா, சார்ஜ் ஏறுமா என்று ஒன்றுமே தெரியாமல் பிரிக்கிறோம். பெயிண்ட் அடித்து முடித்த சேஸில் எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்வது தெரியும். அப்புறம் புதுப் பெயிண்டைக் கீறிக்கொண்டே திரும்பக் கழற்ற வேண்டும். அதைவிட வருத்தமான விஷயம், விற்பனைக்கு வருகிற "பாதி வேலை முடிந்த" வண்டிகள். பெட்டி பெட்டியாக பாகங்கள், எந்த போல்ட் எங்கே என்று தெரியாமல். அவற்றில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் நின்றிருக்கும். பிரித்தவருக்கு ஆசை வற்றியதுதான் அவற்றின் நோய். தானாக ஓடி, தானாக நிற்கிற வண்டியை யாரும் அப்படி விட்டுவிடுவதில்லை.

முதலில் ஓடட்டும், நிற்கட்டும். கொஞ்ச காலம் ஓட்டுங்கள். வண்டியே தன் குறைகளைச் சொல்லும். அதன் பிறகு கேபினைத் தூக்க வேண்டும் என்றால் தூக்குங்கள், நானே வந்து ஒரு மூலையைப் பிடிக்கிறேன்.

துருவேட்டை:
ஒரு நிபந்தனையோடு ஆறுசிலிண்டர் பக்கம் நிற்கிறேன். சேஸில் விரிசலோ, கேபின் மவுண்ட் முழுதாக இத்துப்போயோ இருந்தால் ஓட்டிப் பார்க்கும் பேச்சே கிடையாது. அதை முடித்துவிட்டுத்தான் சாலை.

ராக்கரையோ கேபின் மூலையையோ வெட்டப் போகிறீர்கள் என்றால், வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் பிடித்து, வாசலின் அளவை நிலைநிறுத்த வேண்டும். அந்தக் கேபினில் ராக்கர்தான் முதுகெலும்பு. அதை வெட்டியதும் வாசல் சில மில்லிமீட்டர் சுருங்கினாலும் கதவு பிறகு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்யுங்கள், மற்ற பக்கம் அளவு பார்க்க இருக்கட்டும். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டிங் இழுக்காதீர்கள். புள்ளி புள்ளியாக, தள்ளித் தள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு அடுத்த புள்ளி.

இன்னொன்று, இதைப் படிக்கிற எல்லோரும் மனதில் வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் பிடிக்கவே கூடாது. வெல்டிங் வெப்பத்திலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரல் போய்விடும். அசிட்டோனால் துடைத்து, முழுசாக உலரவிட்டுப் பிடியுங்கள். துருவைத் தண்ணீரில் மின்சாரம் விட்டு எடுக்கிறவர்கள் எதிர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்க வேண்டாம், குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். சாதா இரும்பு போதும்.

காலம்ஷிப்ட்:
டேங்க் பற்றி யாரும் பேசவில்லையே. 72 வரைக்கும் இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கும். வெல்டிங் பேச்சு வருவதற்கு முன் அது வெளியே போக வேண்டும். பழைய பெட்ரோல் காய்ந்து போன டேங்கில் திரவம் இல்லாமல் ஆவி மட்டும் இருந்தாலும் ஆபத்துதான், சொல்லப்போனால் அதிகம்.

திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் வைப்பதா, பின்னால் பெட்டுக்கு அடியில் சேஸ் சட்டங்களுக்கு நடுவே கொண்டுபோவதா என்பது உங்கள் முடிவு. நான் பின்னால் கொண்டுபோவேன். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்து ஓட்ட எனக்கு மனம் ஒப்பாது.

சேஸ்வரை:
இடம் மாற்றினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 1973-ல் ஜெனரல் மோட்டார்ஸே டேங்கைக் கேபினிலிருந்து எடுத்து, சேஸ் சட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் வைத்தது. 1987 வரை அப்படித்தான் வந்தது. பக்கவாட்டில் மோதினால் தீப்பிடிக்கிறது என்று அமெரிக்காவில் அது எவ்வளவு பெரிய வழக்கும் சர்ச்சையும் ஆனது என்பது தெரிந்ததே. நடுவில் வைத்தாலும் பட்டை, காற்றுப்போக்கி, நிரப்பும் குழாய் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

பழைய இடத்திலேயே வைத்தாலும் நிரப்பும் குழாயில் இருக்கிற ரப்பரையும், அடியிலிருந்து பம்ப் வரை போகிற ரப்பர் துண்டுகளையும் மாற்றியே ஆக வேண்டும். அந்தக் கால ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது.

செவ்வண்டி69:
நல்ல செய்தி. இன்ஜின் திரும்பிவிட்டது! ஃப்ளைவீல் பல்லில் நெம்பியபோது முதலில் ஒரு விரல் அளவு ஆடியது, அப்புறம் மெல்ல முழுச் சுற்று. கம்ப்ரஷன் பார்க்க மட்டும் நண்பரிடம் பேட்டரி வாங்கிச் சுற்றினேன். ஐந்து சிலிண்டரில் 115 முதல் 130 பிஎஸ்ஐ வரை. 4-வதில் 40. கதவுத் தூணில் இருக்கிற எண் சிஎஸ்149 என்று ஆரம்பிக்கிறது, இது என்ன?

ஆறுசிலிண்டர்:
அருமை. அந்த ஐந்துக்கும் கவலையே வேண்டாம், 250-க்கு 130 என்பது புதிய இன்ஜின் அளவு.

4-வதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங்கு. ஏறவே இல்லை என்றால் வால்வு. துருப்பிடித்த பிளக்கும் அதே சிலிண்டர் என்பதால், இன்ஜின் நின்ற அன்று அந்த சிலிண்டரில் ஒரு வால்வு திறந்த நிலையில் இருந்து, ஈரம் உள்ளே போயிருக்கும் என்பது என் கணிப்பு. இன்ஜின் மேலே வால்வுகளை மூடியிருக்கிற ராக்கர் மூடியைக் கழற்றி (கதவுக்குக் கீழ் ராக்கர் வேறு), ஒருவர் ஃப்ளைவீலைத் திருப்ப, நீங்கள் அந்த சிலிண்டரின் இரண்டு வால்வையும் பாருங்கள். கீழே போனது மேலே வராமல் நின்றால் அதுதான். ராக்கர் நட்டைத் தளர்த்தி, வால்வுத் தண்டில் எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி ஆட்டுங்கள். பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றாமலே வழிக்கு வரும். புஷ்ராடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும்.

எண்ணுக்கு வருகிறேன். சி என்றால் இரண்டு சக்கர இழுவை, எஸ் என்றால் ஆறு சிலிண்டர், 1 அரை டன், 4 பிக்கப், 9 என்பது 1969. அதாவது பிறக்கும்போதே இந்த வண்டி ஆறு சிலிண்டர்தான். கையுறைப் பெட்டிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், அதில் வண்டியோடு வந்த கூடுதல் பொருத்தங்கள் எழுதியிருக்கும். எலி தின்னாமல் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். என்ன நிறம், என்ன ஆக்ஸில் விகிதம் என்பதற்கெல்லாம் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

செவ்வண்டி69:
அண்ணா சொன்னதுதான். 4-வதின் எக்ஸாஸ்ட் வால்வு கீழேயே நின்றது. இரண்டு மாலை எண்ணெய் விட்டுத் தட்டிய பிறகு சரியாக மேலே வருகிறது. இப்போது 105. காகிதமும் பத்திரமாக இருக்கிறது! ஆறு சிலிண்டரையே வைத்துக்கொள்வதாக முடிவு. இனி ஸ்டார்ட் பண்ணலாமா?

ஆறுசிலிண்டர்:
அதற்கு முன் ஆயில் ஏற்ற வேண்டும். பேரிங் எல்லாம் உலர்ந்து கிடக்கும். பழைய ஆயிலை இறக்கும்போது முதலில் தண்ணீர் வருகிறதா, பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். புது ஆயில், புது பில்டர். அப்புறம் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றுகிற ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் உடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று இரண்டு இடத்திலும் கோடு போட்டுவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மேலே தூக்குங்கள். தூக்கும்போது ரோட்டார் கொஞ்சம் திரும்பும், அது பல்லின் சாய்வால். திரும்பி நின்ற இடத்தையும் குறியுங்கள், மாட்டும்போது அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உள்ளே ஆயில் பம்ப்பின் தண்டு தெரியும். நீளமான தட்டைத் திருப்புளித் தண்டை டிரில் மெஷினில் மாட்டி, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். முதலில் டிரில் லகுவாகச் சுற்றும். ஆயில் பிடித்ததும் மெஷின் திணறுவது கையிலேயே தெரியும். ராக்கர்களில் ஆயில் கசியும்வரை விடாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.016 அங்குலம் வையுங்கள், புதிது போட்டால் 0.019. பிளக் இடைவெளி 0.035. வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. டேங்கை நம்ப வேண்டாம், சின்ன கேனில் புது பெட்ரோல் வைத்து பம்ப்புக்குக் கொடுங்கள். பழைய பம்ப்பின் சவ்வு கிழிந்திருந்தால் பெட்ரோல் சத்தமில்லாமல் ஆயிலோடு கலக்கும், அதனால் பம்ப்பைப் புதிதாகவே போடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தட்டை டேப்பட் இன்ஜின் என்பதால் ஸிங்க் சேர்த்த ஆயில் தேர்ந்தெடுங்கள், இன்றைய கார் ஆயில் பலவற்றில் அது குறைவு.

காலம்ஷிப்ட்:
பிரேக்குக்கு வருகிறேன். 69-ல் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறை கொண்டது, 67-லேயே வந்துவிட்டது, அதனால் அடிப்படை மோசமில்லை. ஆனால் நான்கு சக்கரமும் ட்ரம். இத்தனை வருடம் நின்றதில் வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் இறுகியிருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதி வழி அடைத்திருக்கும். மாஸ்டர், ஒன்று கூட விடாமல் ஹோஸ்கள், வீல் சிலிண்டர், இரும்பு பைப் எல்லாம் புதிது. சில்லறைப் பார்க்கிற இடம் இது கிடையாது. ட்ரம்மைக் கழற்றும்போது தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரமாக்கித் துடையுங்கள்.

டிஸ்க் ஆசை நியாயமானது. 1971-ல் இந்த வரிசைக்கு முன் டிஸ்க் வந்தது. ஆனால் அந்த வருட முன் சஸ்பென்ஷனை அப்படியே மாட்டினால் முன்னால் ஐந்து போல்ட், பின்னால் உங்களுடைய ஆறு போல்ட். ஸ்டெப்னி ஒன்று போதாது என்ற நிலை வரும். ஆறு போல்ட்டோடு வருகிற டிஸ்க் கிட் பாருங்கள். கூடவே டிஸ்க்கும் ட்ரம்மும் கலந்த அமைப்புக்கான மாஸ்டரும் அழுத்தம் பிரிக்கும் வால்வும் வேண்டும். அது இல்லாவிட்டால் அவசர பிரேக்கில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு, காலி பெட் வண்டி சுழன்றுவிடும்.

துருவேட்டை:
பெயிண்ட் பற்றி ஒரு வேண்டுகோள். அந்தச் சிவப்பும் வெள்ளையும் முதல் பெயிண்ட் என்றால் அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். கதவு ஓரத்தையும் டாஷ்போர்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், ஒரே அடுக்கு என்றால் அது தொழிற்சாலைப் பெயிண்ட். வெட்டி ஒட்டிய இடத்தை மட்டும் நிறம் சேர்த்து, மற்றதை மெருகேற்றினால் 1969-ன் முகம் அப்படியே நிற்கும். புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், பழையதைத் திரும்ப அடிக்க முடியாது. சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். தண்ணீரும் நல்ல முகமூடியும் அவசியம்.

சேஸ்வரை:
இதை நான் ஒப்புக்கொள்கிறேன். முழுப் பிரிப்பு என்றால் முழுப் பெயிண்ட் என்று அர்த்தமில்லை.

உயரம் இறக்கும் விஷயம்: காயில் ஸ்பிரிங்கைக் கேஸ் கட்டரால் வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வேண்டாம். சூட்டில் ஸ்பிரிங்கின் முறுக்கு போய்விடும். முன்னால் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிண்டிலில் உயரம் குறைக்கும் வகை, பின்னால் குட்டையான ஸ்பிரிங். அந்தப் பின் சஸ்பென்ஷன் சாதாரணமானது இல்லை. நீள ஆர்ம், காயில், குறுக்குக் கம்பி கொண்ட அதே வடிவத்தை அமெரிக்க நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைப் பிரிவான கப் கார்கள் 2021 வரை வைத்திருந்தன. அதை மதித்துத் தொடுங்கள். பின்பக்கம் இறங்கும்போது குறுக்குக் கம்பி ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுக்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டால் நடுவுக்கு வரும்.

செவ்வண்டி69:
ஓடிவிட்டது! முதலில் கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல், அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. ஆயில் அழுத்தம் உடனே ஏறியது. கொஞ்ச நேரம் நீலப் புகை, அப்புறம் தெளிந்துவிட்டது. சித்தப்பாவுக்கு போனில் சத்தத்தைக் கேட்கவைத்தேன், ரொம்ப நேரம் அவர் எதுவுமே பேசவில்லை. ட்ரம் பிரேக் எல்லாம் புதிதாக மாட்டி, காற்று எடுத்தாகிவிட்டது. டயரும் புதிது. டிஸ்க், உயரம் எல்லாம் பிறகு. முதல் ஓட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

காலம்ஷிப்ட்:
முன் சக்கர பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வைத்தீர்களா? வைக்காமல் கிளம்பாதீர்கள். மெதுவான, ஆள் இல்லாத பாதையாகப் போங்கள். முதல் சில பிரேக் மெல்ல. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள்.

ஆறுசிலிண்டர்:
வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும், வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கிற சின்னத் துளையிலிருந்து சொட்டுகிறதா என்று நின்றதும் பாருங்கள். சொட்டினால் பம்ப்பின் சீல் போய்விட்டது. திரும்பி வந்ததும் நான்கு ட்ரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனலடித்தால், அந்தச் சக்கரத்தில் ஷூ திரும்பி வரவில்லை. அதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த ஓட்டம்.